பில்லும் டிப்ஸும்

உணவகத்தில் உண்டு முடித்ததும் பில் வருகிறது. அதிலுள்ள தொகைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

சரக்கு மற்றும் சேவை வரி அரசுக்குரியது. சாதாரண உணவகங்களில் 5 விழுக்காடு. இதை நாம் செலுத்தியே ஆக வேண்டும். 'சர்வீஸ் சார்ஜ்' வரியன்று. உணவகத்தார் தாமே சேர்ப்பது. இதனைத் தானாகப் பில்லில் சேர்க்கலாகாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று நெறிமுறை வகுத்தது. அது செல்லும் என 2025 மார்ச் 28 அன்று தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேர்த்திருந்தால் நீக்கும்படி பணிவுடன் கேட்கலாம். மறுத்தால் 1915 என்னும் நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

'டிப்ஸ்' என்பதோ நாம் மனமுவந்து தருவது. சர்வீஸ் சார்ஜ் பரிமாறியவர் கைக்குச் சேருமா என்று பில்லைப் பார்த்து அறிய இயலாது. ஆகவே, தர விரும்புவதை அவர் கையிலேயே, நன்றி சொல்லிக் கொடுப்போம்.

கையில் காசில்லாத மாணவியர் என்ன செய்வது? "அண்ணா" என்று மரியாதையுடன் அழைப்போம்; உணவை வீணாக்காமல், மேசையை அலங்கோலமாக்காமல் எழுவோம். முறையற்ற கட்டணத்தை மறுப்பது நம் உரிமை. உழைப்பவரை மதிப்பது நம் கடமை. ஒன்றைச் சாக்கிட்டு மற்றொன்றை மறவாதிருப்போம்.