இலண்டன் நகரக் குடிமதிப்பேடுகளும் தெருவடைவும்

குடிவழி ஆராயப் புகுவோர் முதற்கண் நாடுவது பெயரையே. முன்னோர் ஒருவருடைய பெயரை அறிந்தால் அவரைப் பற்றிய பதிவுகளை எல்லாம் அப்பெயர்கொண்டே திரட்டிவிடலாம் என்பது பொதுவான எண்ணம். சிற்றூரில் பல தலைமுறை நிலைத்து வாழ்ந்த குடும்பங்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். ஆயின், பிழைப்பை நாடிப் பெருநகருக்கு வந்து, வாடகை அறைகளில் மாறி மாறி வாழ்ந்த மக்களுக்கு இது பொருந்துவதில்லை. அவர்கள் பெயர் கணக்கெடுப்பாளரின் செவியிலும் எழுத்திலும் அகப்பட்டு உருத்திரிந்து போயிற்று. அத்தகையோரை அவர்கள் வாழ்ந்த தெருவின் வழியாக அடைதற்கு அமைந்த கருவியே தெருவடைவு. இங்கிலாந்து நாட்டுக் குடிமதிப்பேடுகளுக்கென, சிறப்பாக இலண்டன் மாநகருக்கென அமைந்த தெருவடைவுகளின் இயல்பையும் அவற்றைப் பயன்கொள்ளும் நெறியையும் ஈண்டு ஆராய்வோம். கணினி வழிப் பெயரடைவுகள் மிகுந்துவிட்ட இக்காலத்தில் தெருவடைவு வேண்டா என்பாரும் உளர். அவர் கூற்றை நாம் உடன்படுவதற்கில்லை.

இங்கிலாந்தில் 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை குடிமதிப்பு எடுக்கப்பட்டு வந்தது. எனினும், ஆட்களைப் பெயர் பெயராகக் குறித்த ஏடுகள் நாடு முழுமைக்கும் ஒழுங்குற அமைந்தது 1841 முதலே ஆகும். அவ்வாண்டின் ஏடுகள் பென்சிலால் எழுதப்பட்டவை. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோர் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதுமாறு விதி இருந்தது. குடும்பத் தலைவர்க்கு இன்ன முறையினர் என்னும் குறிப்பும் இல்லை. 1851 முதல் உறவுமுறை, வயது, தொழில், பிறந்த ஊர் ஆகியவை இடம்பெற்றன. வீடுதோறும் முன்னதாகவே தாள் கொடுக்கப்படும். குறித்த இரவில் அவ்வீட்டில் தங்கியோர் அனைவரையும் குடும்பத் தலைவர் அதில் எழுத வேண்டும். மறுநாள் கணக்கெடுப்பாளர் வந்து தாளைப் பெற்றுச் சென்று தம் ஏட்டில் படியெடுப்பார். எழுதத் தெரியாதார் வீட்டில் அவரே கேட்டு எழுதுவார். பின்னர் மூலத்தாள்கள் அழிக்கப்பட்டன. 1911-ஆம் ஆண்டு முதலான தாள்களே குடும்பத் தலைவரின் கையெழுத்தோடு நமக்குக் கிடைப்பவை. ஆகவே 1841 முதல் 1901 வரை நாம் காண்பன எல்லாம் படியே அன்றி மூலம் அல்ல. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த பயிற்சி உடையார்க்கு இதன் விளைவை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவ்விளைவு எங்கே கடுமையாகப் புலப்படுகிறது எனின், வேற்றுமொழி பேசிய குடியேறிகளிடத்திலாம். 1881-க்குப்பின் உருசியப் பேரரசிலிருந்து வந்த யூதர்கள் இலண்டனின் கிழக்குப் பகுதியில், ஒயிட்சாப்பல், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் முதலிய இடங்களில் நெருங்கி வாழ்ந்தனர். இத்திஷ் மொழி பேசிய ஒருவர் தம் பெயரைச் சொல்ல, ஆங்கிலமே அறிந்த ஒருவர் அதனைத் தம் செவிக்கேற்ப எழுத, அதனை நூறாண்டு கழித்து மற்றொருவர் படித்து அடைவில் சேர்க்கிறார். இம்மூன்று படியிலும் பெயர் திரியக்கூடும். கோஹன் என்னும் ஒரு பெயரே கோவன், கோன் எனப் பல வடிவு கொள்ளும். கூறியவரே சின்னாளில் ஆங்கிலப் பெயர் சூடிக்கொள்வதும் உண்டு. இத்திரிபுகளுக்கு இலக்கணம் வகுத்தல் அரிது. பெயர்ப்பிழை தான் நேர்ந்த தடத்தை விட்டுச்செல்வதில்லை. தெருவின் பெயரும் மாறும் என்பதைக் கீழே காண்போம். ஆயின் அம்மாற்றம் ஓர் ஆட்சிமன்றத்தின் ஆணையால் நிகழ்வது, ஆண்டோடு பதிவு பெறுவது. தெருவடைவின் வலிமை இவ்வேறுபாட்டிலேயே இருக்கிறது.

தெருவடைவு ஆவணக்காப்பகப் பணியாளரால் தொகுக்கப்பட்டது. கணினி வழிப் பெயரடைவுகள் தோன்றுவதற்கு முன்னர், 1851-இல் ஏறத்தாழ 23 இலட்சமும் 1901-இல் ஏறத்தாழ 45 இலட்சமும் மக்கள் வாழ்ந்த ஒரு நகரில், ஒருவரைத் தேடுதற்கு இஃதன்றி வேறு வாயில் இல்லை. பதிவு மாவட்டம் ஒவ்வொன்றிலும் உள்ள தெருக்களின் பெயர்கள் அகரவரிசையில் நிற்கும். அவற்றின் எதிரே கட்டு எண்ணும் தாள் எண்களும் இருக்கும். 1841, 1851 ஆகிய ஆண்டுகளின் ஏடுகள் எச்.ஓ. 107 என்னும் வரிசையில் அடங்கும், 1861-க்கு ஆர்.ஜி. 9, 1871-க்கு 10, 1881-க்கு 11, 1891-க்கு 12, 1901-க்கு 13 என வரிசை தொடரும். தாள் எண் என்பது தாளின் முன்பக்கத்து வலப்புற மேல்மூலையில் முத்திரையிடப்பட்ட எண். பின்பக்கத்துக்குத் தனியெண் இல்லை. முன்பக்கத்தின் எண்ணே அதற்கும் உரியது. அச்சிட்ட பக்க எண் வேறு. இவ்விரண்டையும் மயக்கிக்கொண்டு இல்லாத பக்கத்தைத் தேடி இடர்ப்படும் மாணவர் பலர்.

ஒரு தெருவுக்கு எதிரே நான்கைந்து எண்தொகுதிகள் காணப்படின் வியப்படைய வேண்டா. கணக்கெடுப்பாளர் ஒருவர் ஒருநாளில் சுற்றிவரத் தக்க அளவாகவே வட்டாரங்கள் வகுக்கப்பட்டன. ஆதலால் நீண்ட தெரு பல வட்டாரங்களாகத் துண்டுபடும். தெருவின் நடுவே திருச்சபைப் பங்கின் எல்லை ஓடுமாயின் வடசிறகு ஓரேட்டிலும் தென்சிறகு வேறோர் ஏட்டிலும் அமையும். ஒவ்வொரு வட்டார ஏட்டின் முகப்பிலும் அதன் எல்லையை விளக்கும் ஒரு பக்கம் உண்டு. அதனைப் படியாது உள்ளே புகுதல் கூடாது. ஏட்டினுள், ஒரு வீட்டின் முடிவில் இரட்டைக் கோடும், ஒரே வீட்டில் வாழ்ந்த குடும்பங்களுக்கு இடையே ஒற்றைக் கோடும் இடப்பட்டிருக்கும். சிறியவாகத் தோன்றும் இக்கோடுகளே ஒரு வீட்டில் எத்தனை குடும்பங்கள் ஒண்டியிருந்தன என்பதை உரைப்பன.

அடைவைத் திறப்பதற்கு முன் முகவரி ஒன்று கையில் இருத்தல் வேண்டும். 1837 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பிறப்புப் பதிவு இதற்குத் தலையாய சான்று. பிறந்த இடத்தையும், பதிவு செய்வித்தவர் உறைவிடத்தையும் அது தரும். 1813 முதல் அச்சிட்ட படிவத்தில் எழுதப்பட்ட ஞானமுழுக்குப் பதிவுகளும் தந்தையின் உறைவிடத்தையும் தொழிலையும் கூறும். மணப்பதிவில் உள்ள முகவரியை அத்துணை நம்புதற்கில்லை; குறித்த பங்கில் மணம் முடித்தற்பொருட்டுச் சின்னாள் தங்கிய இடத்தையே உறைவிடமாகக் கூறினாரும் உண்டு. வணிகர், கைவினைஞர் முதலியோர்க்கு அஞ்சலக இலண்டன் விவரத்தொகுதி உதவும். கூலி மக்கள் பெயர் அதில் இராது.

சான்றாக ஒன்று கருதுவோம். நாம் தேடும் தையற்காரர் ஒருவருக்கு 1886-இல் பிறந்த மகனின் பதிவில் ஒரு முகவரி இருக்கிறது. அதனைக்கொண்டு 1891 ஏப்பிரல் 5-ஆம் நாள் எடுத்த குடிமதிப்பில் தேடினால் அவர் அங்கே இருத்தல் அரிது. வாரவாடகைக்கு வாழ்ந்தோர் ஐந்தாண்டில் ஐந்து வீடு மாறியிருப்பர். ஆயின் அவருக்கு 1891 சனவரியில் மற்றொரு மகள் பிறந்து, அப்பதிவில் ஒயிட்சாப்பலின் பழைய மான்டேகு தெரு குறிக்கப்பட்டிருக்குமாயின், இடைவெளி மூன்றே திங்கள். தெருவடைவில் அத்தெருவைக் கண்டு, ஆர்.ஜி. 12-இல் உரிய தாள்களைப் புரட்டின் அவர் அகப்படும் வாய்ப்பு மிகுதி. ஆகவே நம் நேர்முன்னோரின் பதிவோடு அமையாது, அவருடன் பிறந்தாருள் குடிமதிப்பு நாளுக்கு மிக அணித்தாகப் பிறந்தவர் யார் எனத் தேடுதல் வேண்டும். அவ்வீட்டில் காணாவிடினும் சோர்தல் கூடாது. வீடு மாறினும் தொழிலையும் உறவையும் விட்டு நெடுந்தொலைவு போகாமையின், அடுத்தடுத்த சந்துகளில் அதே குடும்பம் தென்படுதல் பெருவழக்கு. பெயர் திரிந்திருப்பினும் தந்தை, தாய், மக்கள் ஆகியோரின் வயதும் தொழிலும் பிறப்பிடமும் ஒருங்கு இயைந்து நிற்பின், அவரே இவர் என்று துணியலாம்.

இனித் தெருவால் நேரும் இடர்களைக் காண்போம். ஒரே பெயருடைய தெருக்கள் பல இருந்தமை முதலாவது. அரசன் தெரு, அரசி தெரு, சார்லசு தெரு எனப் பொருள்படும் பெயர்கள் நகரெங்கும் மலிந்திருந்தன. பதிவு மாவட்டத்தை அறியாமல் தெருப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்தற்கில்லை. 1855-இல் தோற்றுவிக்கப்பட்ட மாநகரப் பணிக்கழகமும், 1889 முதல் அதன் பணியை ஏற்ற இலண்டன் வட்டார மன்றமும் இம்மயக்கத்தைப் போக்கப் பெயர்களை மாற்றின. வேறு காரணத்தால் மாறியவையும் உள. ஒயிட்சாப்பலில் பக்சு ரோ என வழங்கிய தெரு, 1888-இல் அங்கு நிகழ்ந்த கொலையால் இழுக்குற்றபின், 1892-இல் டர்வர்டு தெரு ஆயிற்று. ஸ்பிட்டல்ஃபீல்ட்சின் டார்செட் தெரு 1904-இல் டூவல் தெரு ஆயிற்று. 1895-ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவில் டர்வர்டு தெரு எனக் கண்டவர், 1891-ஆம் ஆண்டு அடைவில் அப்பெயரைத் தேடி இல்லையென்று மீள்வர். தெருவோ தன் பழம்பெயரோடு அங்கேதான் இருக்கிறது. வட்டார மன்றம் வெளியிட்ட தெருப்பெயர்ப் பட்டியல்களில் பழைய பெயர், புதிய பெயர், மாறிய நாள் ஆகியன கிடைக்கும். அவற்றை நோக்காது அடைவை நோக்குதல் அகராதியின்றிப் பழம்பாட்டு படிப்பதை ஒக்கும்.

பெயரினும் இடர் மிக்கது வீட்டெண். பழைய வழக்கின்படி ஒரு சிறகில் 1, 2, 3 எனத் தொடர்ந்து சென்று, கோடியில் திரும்பி மறுசிறகு வழியே எண் மீளும். பின்னர் ஒருபால் ஒற்றையெண்ணும் மறுபால் இரட்டையெண்ணும் அமைக்கப்பட்டன. இம்மாற்றம் நேர்ந்த தெருவில் 1861-இன் 14-ஆம் எண் வீடும் 1881-இன் 14-ஆம் எண் வீடும் ஒன்றாதல் வேண்டும் என்னும் நியதி இல்லை. இவ்விடத்து நம் கல்வெட்டுகள் கற்பிக்கும் முறையே துணையாகும். சோழர் காலத்து நிலக்கொடைச் சாசனங்கள் பலவற்றில் நிலத்துக்கு எண் ஏது? கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என நாற்பாலும் கூறி, வாய்க்காலையும் வதியையும் கோயிலையும் சுட்டி நிலம் உணர்த்தப்பட்டது. அவ்வாறே இங்கும் மதுக்கடை, தேவாலயம், பள்ளி, குறுக்குச்சந்து ஆகிய பெயராத பொருள்களை இரண்டு ஏடுகளிலும் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு இடைப்பட்ட வீடுகளை எண்ணி இடத்தைத் தெளிதல் வேண்டும். அஞ்சலக விவரத்தொகுதி வீடுகளை வரிசையாகக் கூறி, குறுக்குத் தெரு வரும் இடத்தில் அதனையும் சுட்டிச் செல்வதால் இதற்குப் பெரிதும் பயன்படும். பெருந்தெருவுக்குப் பின்னால் மறைந்த முடுக்குகள் அடைவில் தனித்தும் வரும்; பெருந்தெருவின் கீழும் வரும்; சில விடுபட்டும் போகும். விடுபட்டவற்றுக்கு வட்டார ஏட்டை முகப்பு முதல் இறுதி வரை படித்தலே வழி.

ஏடுகளின் குறைகளையும் சுருங்கக் கூறுதல் தகும். நூறாண்டு மறைவு விதியால் 1921-ஆம் ஆண்டு ஏடுகள் 2022 சனவரியில் திறக்கப்பட்டன. 1931-க்கு உரியவை 1942-இல் தீக்கு இரையாயின. போர் நடந்தமையின் 1941-இல் குடிமதிப்பே இல்லை. நம் நாட்டு நிலை முற்றும் வேறு. 1948-ஆம் ஆண்டுக் குடிமதிப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அப்பதிவுகளைப் பிறர் பார்வையிடுவதைத் தடுக்கிறது. ஆகவே சென்னை நகரத் தெருவொன்றில் நம் பாட்டனாரை இம்முறையில் தேடலாம் என்று எவரும் எண்ண வேண்டா.

ஆயினும் இந்நாட்டு மக்கள் சிலரையும் இலண்டன் ஏடுகளில் காணக்கூடும். ஆங்கிலேயக் குடும்பங்களின் குழந்தைகளைக் கப்பலில் பேணி வந்த ஆயாக்கள் அவருள் ஒரு சாரார். கரை சேர்ந்தபின் வேலை நீங்கியோரும், திரும்பும் கப்பலுக்குக் காத்திருந்தோரும் தங்குதற்கு இலண்டனில் ஆயாக்கள் இல்லம் ஒன்று இருந்தது. ஆல்டுகேட்டுப் பகுதியில் இருந்த அவ்வில்லம் 1900-இல் ஆக்னியில் எட்வர்டு அரசர் சாலை 26-ஆம் எண் வீட்டுக்கும், 1921-இல் அதே சாலையின் 4-ஆம் எண் வீட்டுக்கும் மாறியது. இப்பெண்டிரைப் பெயரடைவில் எங்ஙனம் தேடுவது? பயணிகள் பட்டியல்களில் பலர்க்குத் தம் பெயரே இல்லை; ஆயா என்னும் சொல்லோடு தலைவியின் குடும்பப்பெயரை ஒட்டி எழுதிவிட்டனர். ஒருத்தி தலைவியை மாற்றியபோது அவள் பெயரும் மாறிற்று. அவளுடைய பேரர் இன்று அவளைத் தேடுவாராயின் அவர்க்கு உள்ள பிடிப்பு இல்லம் இருந்த சாலையும் வீட்டெண்ணும் மட்டுமே. 1901 மார்ச்சு 31, 1911 ஏப்பிரல் 2 ஆகிய இரு நாள்களின் பதிவுகளில் 26-ஆம் எண் வீட்டை அடைந்து, அவ்விரவு அங்கே தங்கியோரை வரிசையாகப் படித்தல் வேண்டும். பெயர்ப்பத்தியை ஒதுக்கி வயதுப்பத்தியையும் பிறப்பிடப்பத்தியையும் முதலில் நோக்குக. பிறப்பிடத்தில் சென்னை எனக் காணுமாயின், அவ்வரியின் வயதையும் மணநிலையையும் குறித்துக்கொண்டு, அதன்பின் கப்பல் பட்டியலை எடுத்து, அவ்வாண்டில் எந்தக் குடும்பத்தோடு அவ்வயதினள் ஒருத்தி வந்து இறங்கினாள் என ஒப்பிடுதல் முறையாகும்.