வாளி கட்டுவதற்கு முன் அடுப்பைப் பாருங்கள்

கனடாவில் ஒன்டாரியோ, கியூபெக் பக்கம் வீடு வாங்கிக் குடியேறிய நம்மவர்கள் சிலருடைய பின்பக்கத் தோட்டத்தில் மேப்பிள் மரம் நிற்கிறது. தேசியக் கொடியில் இருப்பது அதன் இலை என்று தெரியும். அக்டோபரில் அந்த இலைகளைக் கூட்டி அள்ளி முதுகு ஒடிவதும் தெரியும். 'இதிலிருந்து பாகு காய்ச்சலாமே' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டால் ஆசை வந்துவிடுகிறது. உடனே கடைக்குப் போய் ஒரு டஜன் குழாயும் வாளியும் வாங்கிவந்து, கண்ணில் பட்ட மரத்திலெல்லாம் துளை போட்டுவிடுவார்கள். வெயில் அடித்த மூன்றாம் நாள் வீட்டில் பாத்திரம் போதாது. இத்தனை நீரை எதில் ஊற்றி எப்படிக் காய்ச்சுவது என்ற கேள்வி அப்போதுதான் எழும். புதிதாக இறங்குகிறவர்கள் மரத்தை எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது அடுப்பை.

கணக்கைப் பார்த்தால் புரியும். மேப்பிள் இனங்களிலேயே இனிப்பு அதிகமுள்ளது சுகர் மேப்பிள். அதன் நீரிலும் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான். பார்க்கப் பச்சைத் தண்ணீர் போலவே இருக்கும். குடித்தால், இனிக்கிறதா இல்லையா என்று இன்னொரு வாய் குடித்துப் பார்க்கத் தோன்றும். கடையில் விற்கும் பாகில் சர்க்கரை 66 சதவீதத்துக்கு மேல். இதற்கென்று இந்தத் தொழிலில் ஒரு பழைய வாய்பாடு உண்டு: 86-ஐ நீரில் உள்ள சர்க்கரைச் சதவீதத்தால் வகுத்தால், ஒரு லிட்டர் பாகுக்கு எத்தனை லிட்டர் நீர் வேண்டும் என்பது வந்துவிடும். 2 சதவீதம் என்றால் 43 லிட்டர். அதில் 42 லிட்டர் ஆவியாகப் போக வேண்டும். அதற்கு ஏறக்குறைய 30 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் தேவை, அதுவும் அடுப்புச் சூடு கொஞ்சமும் வீணாகாமல் முழுக்கப் பாத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தால். நம் பனையின் பதநீரில் 10 சதவீதத்தையொட்டிச் சர்க்கரை இருக்கிறது. அதைக் கருப்பட்டியாக்கவே எவ்வளவு விறகு எரிகிறது என்று தூத்துக்குடி, ராமநாதபுரத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். மேப்பிளுக்கு அதைப் போல நாலைந்து மடங்கு.

இந்தக் கஷ்டத்துக்கு அங்கேயே ஒரு கதையும் இருக்கிறது. ஐரோப்பியர்கள் வருவதற்கு முன்பே அந்தக் காடுகளின் பூர்வகுடிகள் மேப்பிள் நீரை எடுத்து, பிர்ச் மரப்பட்டைப் பாத்திரங்களில் சேர்த்துச் சர்க்கரை செய்தார்கள். அவர்களில் அனிஷினாபே மக்கள் சொல்லும் கதை இது. ஆதியில் மரத்திலிருந்து பாகே நேராக ஒழுகியதாம். ஒருநாள் நானபோஜோ என்ற அவர்களுடைய கதைநாயகன் ஊருக்குள் வந்து பார்த்தால் ஒருவரையும் காணோம். வயலில் ஆளில்லை, ஆற்றில் மீன் பிடிக்க ஆளில்லை. எல்லோரும் மரத்தடியில் மல்லாந்து படுத்து வாயைத் திறந்து வைத்திருந்தார்கள். கோபம் வந்து, மரங்களின் உச்சியில் தண்ணீரை ஊற்றிப் பாகை நீர்க்க வைத்துவிட்டான். அன்று முதல் விறகு வெட்டிக் காய்ச்சினால்தான் இனிப்பு.

நீர் சொட்டுவதற்கும் காலம் உண்டு. பிப்ரவரிக் கடைசி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை, இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போய் உறைந்து, பகலில் நாலைந்து டிகிரிக்கு ஏறி உருகும் நாட்கள்தான் அந்தக் காலம். பெரும்பாலான மரங்களில் இப்படி நடப்பதில்லை. மேப்பிளின் உள்ளமைப்பு வேறு. அதன் கட்டையிலுள்ள நார்ச் செல்களுக்குள் காற்று நிறைந்திருக்கிறது. இரவில் குளிர் ஏறும்போது அந்தச் செல்களுக்குள் பனி படிகிறது, காற்று நெருக்குண்டு சுருங்குகிறது, அந்த இழுப்பில் வேரிலிருந்து நீர் மேலேறுகிறது. பகலில் பனி உருக, அடைபட்ட காற்று விரிந்து நீரை வெளியே தள்ளுகிறது. தண்டில் ஓட்டை இருந்தால் அதன் வழியே நீர் சொட்டும். கோடையில் இலைகள் சமைத்து மாவுச்சத்தாகச் சேமித்ததைக் குளிர்காலத்தில் மரம் சர்க்கரையாக மாற்றி வைத்திருக்கும். நீரோடு வருவது அதுதான்.

ஆகவே வானிலை அறிக்கையைப் பார்க்காமல் இந்த வேலை ஓடாது. பகலிலும் உறைந்தே கிடந்தால் சொட்டு நீர் வராது. இரவிலும் உறையாவிட்டால் ஓரிரு நாளில் நின்றுவிடும். நாலு நாள் சும்மா இருந்துவிட்டு ஐந்தாம் நாள் வாளி நிறைந்து வழியும். பருவம் முழுக்கச் சேர்த்தால் ஒரு துளைக்கு 40 லிட்டர் என்பது தோராயக் கணக்கு, அதாவது துளைக்கு ஒரு லிட்டர் பாகு. மூன்று துளை போட்டால் 120 லிட்டர் காய்ச்ச வேண்டியிருக்கும். அலுவலகம் போகும் ஒருவருக்குச் சில வாரங்களின் சனி, ஞாயிறு அதிலேயே போய்விடும்.

மரத்தை அடையாளம் காண்பதை மார்ச்சுக்குத் தள்ளிப்போட வேண்டாம். இலையில்லாத மரம் எல்லாம் ஒன்றுபோல்தான் தெரியும். முந்தைய அக்டோபரிலேயே இலையைப் பார்த்து ஒரு ரிப்பன் கட்டிவைத்துவிடுவது நல்லது. சுகர் மேப்பிளின் இலை ஐந்து விரல் விரித்த மாதிரி. விரல்களுக்கு இடைப்பட்ட பள்ளம் வளைவாக இருக்கும், ஓரத்தில் சின்னப் பற்கள் கிடையாது. ரெட் மேப்பிளில் பள்ளம் கூர்மையாக இருக்கும், ஓரம் ரம்பம் போல் இருக்கும். நகரத் தெருக்களில் அதிகம் காணப்படும் நார்வே மேப்பிள் ஐரோப்பாவிலிருந்து வந்தது. இலைக்காம்பை ஒடித்தால் பால் கசியும். இவை எல்லாவற்றிலிருந்தும் நீர் எடுக்கலாம். இனிப்பு குறைந்தால் விறகு கூடுதலாகும், அவ்வளவுதான். ஆனால் வீட்டு வாசலில் நிற்பதெல்லாம் நம் மரமல்ல. நடைபாதையோரத்து மரங்கள் பெரும்பாலும் நகராட்சிக்குச் சொந்தம். அவற்றில் ட்ரில்லை வைத்தால் வழக்குதான் மிஞ்சும்.

நெஞ்சுயரத்தில் தண்டைச் சுற்றிக் கயிறு போட்டு அளந்தால் 95 செ.மீ. ஆவது வர வேண்டும். குறுக்களவில் அது 30 செ.மீ. அதற்கும் சிறிய மரத்தை விட்டுவிடுங்கள். பெரிய மரமானால் இரண்டு துளை தாங்கும், அதற்கு மேல் வேண்டாம். பட்டை உரிந்து, கிளை காய்ந்து நிற்கும் மரம் ஏற்கெனவே கஷ்டத்தில் இருக்கிறது, அதையும் விட்டுவிடலாம்.

இப்போது கடையில் கிடைக்கும் குழாய்களுக்கு 8 மி.மீ. ட்ரில் பிட் போதும். பழைய பாணிக் குழாய் என்றால் 11 மி.மீ. ஆழம் 4 முதல் 5 செ.மீ. நீர் வழிந்து வெளியே வரும்படி துளை உள்நோக்கிச் சற்றே மேலேற வேண்டும். வெளியே வரும் மரத்தூள் வெளுப்பாக இருந்தால் நல்ல இடம். பழுப்பாக இருந்தால் அது செத்த கட்டை, அதில் நீர் வராது. குழாயைச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் போதும். தட்டும் சத்தம் மாறி 'டக்'கென்று கெட்டியாகக் கேட்டதும் கையை நிறுத்துங்கள். ஆர்வத்தில் ஓங்கி அடித்தால் மரம் வெடித்து, நீர் குழாய்க்கு வெளியே வழிந்துபோகும். வாளி உணவுத்தர பிளாஸ்டிக்கோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ இருக்கட்டும். பழம்பொருள் கடையில் அழகாகத் தொங்கும் பழைய தகர வாளிகளை ஈயப் பற்று வைத்துச் சேர்த்திருப்பார்கள், அவை வேண்டாம். மழையும் பூச்சியும் விழாமலிருக்க மூடி அவசியம்.

எடுத்த நீரைப் பால் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். 4 டிகிரிக்குக் கீழே வைத்து, இரண்டு மூன்று நாளைக்குள் காய்ச்சிவிட வேண்டும், இல்லையென்றால் கெட்டுவிடும். பனி இருக்கும்வரை வாளியை அதற்குள் புதைத்து வைத்தாலே போதும். காலையில் வாளியின் மேல் ஐஸ் கட்டியிருந்தால் எடுத்து எறிந்துவிடலாம். உறைவது பெரும்பாலும் வெறும் தண்ணீர். சர்க்கரை கீழே திரவத்திலேயே தங்கிவிடும். அத்தனைக்கு விறகு மிச்சம்.

இனி அடுப்பு. முதல் விதி, வீட்டுக்குள் காய்ச்சாதீர்கள். நாற்பது லிட்டர் நீராவி சமையலறைச் சுவரில் படிந்தால் சுவரொட்டுக் காகிதம் உரிந்து வரும். மேல்தட்டு அலமாரியெல்லாம் பிசுபிசுக்கும். தோட்டத்தில் ஹாலோ பிளாக் கற்களை இரண்டு வரிசையாக அடுக்கி, பஃபே விருந்துகளில் சாப்பாடு வைக்கும் நீளச் செவ்வக ஸ்டீல் தட்டுகளை மேலே உட்கார வைத்து, அடியில் விறகை எரிப்பதுதான் அங்கே சின்ன அளவில் செய்கிறவர்களின் வழக்கமான ஏற்பாடு. பாத்திரம் ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருக்க வேண்டும். ஆவி போவது மேற்பரப்பிலிருந்துதானே. ஒரு தட்டு மணிக்கு எத்தனை லிட்டர் வற்றவைக்கிறது என்று வெறும் தண்ணீரை ஊற்றி முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். எத்தனை துளை போடலாம் என்பதை அந்த எண் சொல்லிவிடும். நான் சொல்வதையோ பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதையோ நம்ப வேண்டியதில்லை.

கொதிக்கும்போது வற்ற வற்றப் புது நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். பொங்கி வந்தால் ஒரு துளி வெண்ணெய் போட்டால் அடங்கும். தட்டில் இரண்டு விரற்கடைக்கு வற்றி நிறம் ஏறியதும் அதை ஒரு பாத்திரத்தில் மாற்றி வீட்டு அடுப்புக்குக் கொண்டுவந்துவிடலாம். கடைசிக் கட்டத்தில் கண் எடுக்கக் கூடாது. கொஞ்சம் அசந்தால் கருகிவிடும். தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 டிகிரி அதிகமாக ஏறினால் பதம் வந்துவிட்டது என்று பொருள். 104 டிகிரி என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். காற்றழுத்தத்தைப் பொறுத்து தண்ணீர் கொதிக்கும் சூடே மாறும் என்பதால், அன்றைக்கு அதே தெர்மாமீட்டரால் வெறும் தண்ணீரை அளந்து, அதனுடன் 4 கூட்டிக்கொள்வதே சரி. பதம் குறைந்தால் புளித்துப்போகும், மிஞ்சினால் அடியில் கற்கண்டு கட்டும். பாகில் கலங்கலாக ஒரு மணல் சேரும். அது மரத்திலிருந்தே வரும் தாது உப்பு. கெடுதல் இல்லை, கம்பளி வடிகட்டியில் சூடாக வடித்தால் போய்விடும். பிறகு சூடு ஆறுவதற்குள், 85 டிகிரியிலேயே சுத்தமான பாட்டிலில் நிரப்பி மூடிவிட வேண்டும். திறந்த பாட்டில் ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும், வெளியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

பருவத்தின் தொடக்கத்தில் எடுத்தது பொன்னிறமாக இருக்கும். நாள் வெப்பமாக ஆக நீரில் நுண்ணுயிர்கள் பெருகிச் சர்க்கரையை உடைப்பதால் பாகு கறுத்துக்கொண்டே போகும், மணமும் கூடும். வெளிர் நிறம்தான் உயர்ந்தது என்று விலை வைக்கிறார்கள். என் ஓட்டு கறுத்ததற்கே. ஆனால் மொட்டு பருத்து விரியத் தொடங்கிவிட்டால் நீரில் ஒரு கெட்ட வாடை ஏறும். அதை எவ்வளவு காய்ச்சினாலும் போகாது. அன்றோடு கடையைக் கட்டிவிடலாம்.

இந்தப் பாகை நம்பிப் பெரிய கனவு கண்டவர்கள் உண்டு. கரீபியன் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்புச் சர்க்கரைக்கு மாற்றாக மேப்பிளை வளர்க்கலாம் என்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ் பிரசாரம் செய்தார். அதில் மயங்கிய தாமஸ் ஜெபர்சன், 1791-இல் தன் மான்டிசெலோ பண்ணையில் மேப்பிள் கன்றுகளை நட்டார். பெரும்பாலானவை பட்டுப்போயின. அந்தப் பண்ணையில் வேலை செய்தவர்களும் அடிமைகள்தான் என்பது வேறு விஷயம். இன்று உலக மேப்பிள் பாகில் சுமார் 70 சதவீதம் கியூபெக்கிலிருந்து வருகிறது. விலை சரியாமலிருக்கப் பீப்பாய் பீப்பாயாகச் சேமித்தும் வைக்கிறார்கள். 2011, 2012-இல் ஒரு கும்பல் அந்தக் கிடங்கிலிருந்து சுமார் 3,000 டன் பாகைத் திருடிவிட்டு, சில பீப்பாய்களில் தண்ணீரை நிரப்பி வைத்தது. மதிப்பு 1.8 கோடி கனடிய டாலருக்கு மேல்.

வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு இதில் லாபம் கிடையாது. விறகு இலவசமாகக் கிடைத்தால் கட்டுப்படியாகும். கேஸ் சிலிண்டரில் காய்ச்சுவதென்றால் கடையில் வாங்குவதே மலிவாக முடியக்கூடும். மூன்று துளையும் ஒரு தட்டும் முதல் வருடத்துக்குப் போதும்.

பருவம் முடிந்ததும் குழாயைப் பிடுங்கி வெந்நீரில் கழுவி வையுங்கள். துளையில் மெழுகோ ஆப்போ அடிக்க வேண்டாம். ஓரிரு வருடத்தில் மரமே அதை மூடிக்கொள்ளும். ஆனால் துளைக்கு மேலும் கீழும் உள்ள கட்டை நிறம் மாறி, மறுபடி நீர் தராது. அதனால் அடுத்த ஆண்டுத் துளையைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளி, பழையதற்கு நேர் மேலும் கீழும் வராதபடி போட வேண்டும்.