துணி காக்கும் சந்தன வேம்பு அலமாரி

அம்பத்தூரில் வசிக்கும் முதிய நெசவாள அங்கத்தினர் ஒருவரின் இல்லத்திற்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம். பேத்தியின் திருமணம் நெருங்கியிருந்தது. காஞ்சிபுரத்தில் தறியிலிருந்த நாளில் அவர் தம் கையால் நெய்த பட்டுச்சேலையொன்றை மணப்பெண்ணுக்கு அளிக்க வேண்டுமென்பது அவருடைய நெடுநாளைய விருப்பம். அவர் துணைவியார் மரப்பெட்டியைத் திறந்து சேலையைப் பிரித்தார். உடல் பகுதியில் ஆங்காங்கே காசளவு ஓட்டைகள்!

“வாசனை மரப்பெட்டிதானே, பூச்சி வராது என்று நம்பி ஆறு வருஷமாகத் திறக்கவே இல்லையே, ஐயா” என்று அந்த அம்மையார் வருந்தினார். பெரியவர் சிறிது நேரம் ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். “இன்னொன்று நெய்ய இந்தக் கண் இனி இடம் தராது” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நெய்வதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் காப்பதற்கு எடுத்துக்கொள்கிறோமா? இக்கேள்வியே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

துணியைக் கெடுப்பவை இரண்டு. பட்டையும் கம்பளியையும் தின்பது அந்துப்பூச்சி. பறக்கும் பூச்சி தின்பதில்லை. அது இடும் முட்டையிலிருந்து வெளிவரும் புழுவே தின்கிறது. வியர்வையும் உணவுக் கறையும் படிந்த இடம் அதற்கு மிகவும் விருப்பமானது. பருத்தித் துணியில் இட்ட கஞ்சியை நாடி வருவது இராமபாணப் பூச்சி. ஆதலால் எடுத்து வைக்கும் பருத்தித் துணிக்குக் கஞ்சி கூடாது.

வாசனை மரம் இவற்றைத் தடுக்குமா? மேலைநாட்டார் சீடர் என்னும் மரத்தால் துணி அலமாரி செய்வர். அமெரிக்காவில் இதற்குப் பயன்படும் செஞ்சீடர் உண்மையில் ஜூனிப்பர் இனத்தைச் சேர்ந்தது. இமயமலைத் தேவதாருவே மெய்யான சீடர். நமது மேற்கு மலைத்தொடரில் வளரும் சந்தன வேம்பு வேம்பின் குடும்பத்தது. அதன் சிவந்த மணமுள்ள கட்டையையும் வணிகர் சீடர் என்றே வழங்குவர். அமெரிக்க வேளாண்மைத் துறை 1922-ஆம் ஆண்டில் செஞ்சீடர்ப் பெட்டிகளைச் சோதித்து ஒரு வெளியீடு கொணர்ந்தது. மரத்தின் எண்ணெய் ஆவி அப்போதுதான் பொரித்த சிறு புழுக்களைக் கொல்லும். முட்டையையும் வளர்ந்த புழுவையும் ஒன்றும் செய்யாது. சில ஆண்டுகளில் அந்த ஆவியும் குன்றிவிடும். எனவே மணம் துணைக்காவலே. தூய துணியும், இடுக்கின்றி மூடும் கதவும், அடிக்கடி திறந்து பார்க்கும் கண்ணுமே தலைக்காவல்.

இதை உணர்ந்தால் செலவும் குறையும். அலமாரி முழுவதையும் மணமரத்தால் செய்ய வேண்டியதில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் கடப்பைக்கல் பதித்த சுவரலமாரி திறந்தபடியே இருக்கிறது. அதற்கு உட்பலகையும் கதவும் அமைத்தாலே போதும். கீழ்க்காணும் முறை அப்பெரியவரின் வீட்டில், ஆவடியிலிருந்து வந்த தச்சர் ஒருவரின் துணையுடன், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் செய்து பார்த்ததாகும்.

முதலில் இடத்தைத் தெரிந்தெடுத்தோம். மழைச்சாரல் படும் வெளிச்சுவர் ஈரம் கசியும், உட்சுவரே நன்று. தரையிலிருந்து 2 அடி வரை துணிக்கு ஒதுக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் இவ்வட்டாரத்தில் பல வீடுகளில் நீர் புகுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கீழ்த்தட்டு பாத்திரங்களுக்கு ஆயிற்று.

எஞ்சிய இடம் 4 அடி உயரம், 3 அடி அகலம், 1½ அடி ஆழம். பின்புறம், இரு பக்கங்கள், கதவின் உட்புறம் ஒவ்வொன்றும் 12 சதுர அடி. ஆக 36 சதுர அடி. ⅜ அங்குலக் கனமுள்ள பலகைக்கு இது 1⅛ கன அடி மரம். அறுப்பிலும் இழைப்பிலும் வீணாவதற்கும் சேர்த்து 1½ கன அடி வாங்கினோம். 6 அடி உயரத் தனி அலமாரியை ¾ அங்குல மணமரத்தாலேயே செய்தால் ஏறத்தாழ 4 கன அடி ஆகியிருக்கும். மரம் வாங்கும்போது பெயரை மட்டும் கேட்டு ஏமாறலாகாது. ஓரத்தைச் சிறிது இழைக்கச் சொல்லி முகர்ந்து பார்க்க வேண்டும். நன்கு உலர்ந்த மரமாகவும் இருத்தல் அவசியம். பச்சை மரம் பின்னர் சுருங்கி இடுக்கு விடும்.

சுவரில் வேப்பமர ரீப்பர்களை முதலில் பொருத்தி, அவற்றின்மீது பலகைகளைப் பித்தளைத் திருகாணியால் இணைத்தோம். இரும்பாணி துருப்பிடித்துத் துணியில் கறை ஏற்றும். ஒரு பலகையின் விளிம்பு அடுத்ததன் காடியில் அமரவேண்டும். கதவுச் சட்டமும் வேம்பே. கதவு மூடுமிடத்தைச் சுற்றிலும் தடித்த பருத்தி நாடாவை ஒட்டியதும் இடுக்கு அடைபட்டது. அந்த நாடாவைக் கொணர்ந்தவர் பெரியவரே. உட்புறத்தில் வார்னிஷ் கூடவே கூடாது. பூசினால் மணம் அடைபட்டுப்போகும். மணம் குறையும்போது உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் மீண்டும் எழும்.

இனி வைக்கும் முறை. துவைத்து நன்கு உலர்ந்த துணியையே வைக்கவேண்டும், மழைக்காலத்தில் அவசரப்படலாகாது. மரத்தின் எண்ணெய் பட்டில் படாதிருக்க, பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்தல் நலம். மூன்று மாதத்திற்கு ஒருமுறை வெளியே எடுத்து, நிழலில் காற்றாடவிட்டு, மடிப்பை மாற்றி மடிக்கவேண்டும். ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை முறியும். இது பூச்சியைக் கண்டுபிடிக்கும் நாளுமாகும்.

வரப்பில் வேம்பு வளர்க்கும் விவசாய அன்பர்களுக்குச் சட்டத்திற்கான மரம் வீட்டிலேயே கிடைத்துவிடும். தச்சரை ஒருவராக அழைக்காமல் ஒரே தெருவில் நான்கைந்து குடும்பத்தினர் சேர்ந்து அழைத்து, மரத்தையும் மொத்தமாக வாங்கினால் செலவு மேலும் குறையும். கூட்டுறவின் பயன் இதுபோன்ற சிறு காரியங்களிலும் உண்டு.

ஓட்டை விழுந்த சேலையின் முந்தானையும் கரையும் பழுதின்றித் தப்பியிருந்தன. மணப்பெண்ணின் ரவிக்கைக்கு அவை பயன்பட்டன. புதிய அலமாரியின் மேல்தட்டில் அந்த அம்மையார் முதலில் வைத்தது எஞ்சிய அந்தப் பட்டைத்தான். சாவியைப் பேத்தியிடம் கொடுத்து, “தை மாதம் நீ வந்து திறந்து பார்க்கவேண்டும், அம்மா” என்றார். அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பெட்டியை இந்த வாரமே ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக.