உழுவோர்க்கான கலாசாலையும் கல்வராயன் மலைச் சாகுபடியும்

விவசாயக் கல்வி என்றால் பட்டணத்துக் கலாசாலையில் நான்கு வருஷம் தங்கிப் படித்துப் பட்டம் பெறுவதே என்று எண்ணுவோர் பலர். அவ்வகைக் கல்வி தேசத்திற்கு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏர் பிடிப்பவரும், நாற்று நடுபவரும், களத்தில் தானியம் தூற்றுபவரும் நான்கு வருஷம் நிலத்தை விட்டுச் செல்ல இயலாது. விதைப்புக்கு முன் ஒரு நாள், களையெடுப்புக்கு முன் ஒரு நாள், அறுவடைக்குப் பின் இரண்டு நாள் என்று கிடைக்கும் ஓய்வில், தம் பயிருக்கு வேண்டியதைத் தம் மொழியிலேயே கற்றுச் செல்வதற்கு அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும். பொதுப் பணத்தில் நடைபெறும் அத்தகைய ஜனக் கலாசாலை நம் பிரதேசத்தில் எவ்வாறு தோன்றியது, அங்கே என்ன கற்பிக்கப்படுகிறது, கல்வராயன் மலைக் குடியானவர்களுக்கு அது எவ்வாறு பயன்படக்கூடும் என்பவை இங்கே விவரிக்கப்படும்.

பூர்வ சரித்திரம்

சென்னை மாகாணத்தில் விவசாயப் படிப்பு 1868-ம் வருஷத்தில் சைதாப்பேட்டையில் ஏற்பட்ட பள்ளியோடு தொடங்கிற்று. அப்பள்ளி 1906-ல் கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டு, விவசாயக் கலாசாலையாக வளர்ந்து, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. இதற்கிடையே ஜில்லாக்களில் ஆராய்ச்சிப் பண்ணைகள் ஏற்பட்டன. பழைய தென்னாற்காடு ஜில்லாவில் பாலூர்ப் பண்ணை 1905-ல் தோன்றியது. திண்டிவனத்தில் ஏற்பட்ட எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம், டி.எம்.வி. என்னும் எழுத்துக்களைத் தாங்கிய நிலக்கடலை ரகங்களால் குடியானவர்களிடையே பெயர் பெற்றது.

கலாசாலையில் ஆசிரியர்களும் பண்ணைகளில் நிபுணர்களும் உழைத்தனர். எனினும் அவர்கள் கண்டறிந்தவை கிராமத்துக் கமலைக்கிணற்றின் கரை வரையில் வந்து சேர்வதற்கு நெடுங்காலம் பிடித்தது. படித்தவரையும் உழுபவரையும் ஒரே வயலில் நிற்கச் செய்யும் ஏற்பாடு இல்லாமையே இக்குறைக்குக் காரணம்.

அயல்நாட்டு அனுபவம்

இக்குறையை மற்ற நாடுகளும் அனுபவித்தே தீர்த்துக்கொண்டன. டென்மார்க்கு தேசத்தாருக்கென ரோடிங் என்னும் ஊரில் 1844-ல் முதல் மக்கள் பள்ளி திறக்கப்பட்டது. குருண்ட்விக் என்னும் பாதிரியாரின் கருத்தைத் தழுவி எழுந்த இப்பள்ளிகளில் பரீட்சை கிடையாது. வயல்வேலை குறைந்த குளிர்காலத்தில் உழவர் வீட்டு வாலிபர்கள் வந்து தங்கிக் கற்றார்கள். பிற்காலத்தில் அந்நாட்டுப் பால் கூட்டுறவுச் சங்கங்கள் செழித்ததற்கு இக்கல்வியும் ஒரு காரணம் என்று அறிஞர் கூறுவர்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்து டெரல் என்னும் ஊரில், 1903-ல், சீமன் நாப் என்பவரின் யோசனைப்படி ஒரு குடியானவரின் சொந்த நிலத்திலேயே செய்து காட்டும் முறை கையாளப்பட்டது. சர்க்கார் பண்ணையில் விளைந்தால், பணமும் ஆளும் இருந்ததனால் விளைந்தது என்பார்கள். அண்டை வீட்டுக்காரர் நிலத்தில் விளைந்தால் அவ்வாறு சொல்ல இடமில்லை. இம்முறையே 1914-ம் வருஷத்துச் சட்டத்தினால் அந்நாடு முழுவதும் பரவியது. பட்டம் பெறப் பெரிய ஊர்களுக்குச் செல்ல முடியாதவர்களுக்காக இல்லினாய் மாகாணத்து ஜோலியட்டில் 1901-ல் ஏற்பட்ட கலாசாலையே அங்குள்ள பொதுச் சமுதாயக் கல்லூரிகளுக்கு முன்னோடி.

புதுச்சேரியில் தொடக்கம்

சுதந்திர இந்தியாவில் 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி கல்விக் குழு, கிராம வாலிபர்களுக்கு விவசாயத் தொழிற்பள்ளிகள் வேண்டுமென்று சிபாரிசு செய்தது. அதன்பின் 1973-ல் மோகன் சிங் மேத்தா தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டு, வேளாண் அறிவியல் நிலையம் என்னும் ஸ்தாபனத்திற்கு உருவம் கொடுத்தது. முதல் நிலையம் 1974-ம் வருஷம் மார்ச்சு மாதம் புதுச்சேரியில், கோயமுத்தூர்ப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தில் திறக்கப்பட்டது. இப்பொழுது அது பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் என்னும் பெயருடன் குரும்பாப்பேட்டையில் நடந்துவருகிறது. தேசத்தில் இன்று இத்தகைய நிலையங்கள் 700-க்கு மேல் உள்ளன. சமுதாயக் கல்லூரி என்ற பெயரிலேயே நம் நாட்டில் முதலாவதாக ஏற்பட்டதும் புதுச்சேரியில்தான். அது 1995-ல் அங்குள்ள பல்கலைக்கழகத்தின் கீழ்த் தோன்றியது. தென்னாற்காட்டின் அண்டையில் இவ்விரு முயற்சிகளும் முளைத்தமை இப்பக்கத்தார் நினைவிற்கொள்ளத்தக்கது.

நிலையத்தின் வேலைத்திட்டம்

வேளாண் அறிவியல் நிலையம் பட்டம் அளிப்பதில்லை. செய்து கற்றலே அதன் போதனா முறை. பயிர், மண், தோட்டக்கலை, பயிர்ப் பாதுகாப்பு, கால்நடை, மனையியல் போன்ற துறைகளில் தேர்ந்தவர்கள் அங்கே பணி செய்கின்றனர். அதன் வேலைகளைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

1. வயல் சோதனை: ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகமோ முறையோ குறிப்பிட்ட ஊரின் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்றதா என்று, குடியானவர் நிலத்தில் அவருடைய வழக்கமான முறைக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தல்.

2. செயல் விளக்கம்: ஏற்றதென்று தெரிந்ததை நிபுணர்கள் தாமே முன்னின்று ஏக்கர் அளவிலான வயல்களில் செய்து காட்டுதல்.

3. பயிற்சி: ஆண்களுக்கும் பெண்களுக்கும், பள்ளிப் படிப்பை நிறுத்திய வாலிபர்களுக்கும் ஒரு நாள் முதல் பல நாள் வரை வகுப்பு நடத்துதல். காளான் வளர்த்தல், தேனீ வளர்த்தல், நாற்றங்கால் அமைத்தல், தானியங்களைப் பக்குவம் செய்தல் போன்ற கைத்தொழில்களும் இதில் அடங்கும்.

4. மண், நீர் ஆகியவற்றைப் பரிசோதித்தல். நல்ல விதை, கன்று முதலியவற்றை உற்பத்தி செய்து கொடுத்தல்.

வயது சென்றவர், எழுத்தறியாதவர் என்று எவரும் விலக்கப்படுவதில்லை. வகுப்பில் கேட்டதை வயலில் கண்ட பிறகே ஒப்புக்கொள்வது உழவர் இயல்பு. இந்நிலையங்களின் ஏற்பாடு அவ்வியல்பை அனுசரித்தே அமைந்துள்ளது.

கல்வராயன் மலையின் நிலைமை

கள்ளக்குறிச்சிப் பகுதி 1993 வரை தென்னாற்காட்டிலும், பின்னர் விழுப்புரம் ஜில்லாவிலும் சேர்ந்திருந்து, 2019 நவம்பரில் தனி ஜில்லாவாயிற்று. அதன் சமவெளியில் கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் பயிராகின்றன. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருப்பதனால், கரும்பு பயிரிடுவோரைத் தேடி ஆலைச் சிப்பந்திகளாவது வயலுக்கு வருகின்றனர். கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறினால் நிலைமை வேறு. அங்கே மலையாளி என்னும் பழங்குடியினர் வானம் பார்த்த சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி ஆகியவற்றைச் சாகுபடி செய்கின்றனர்.

இம்மலை 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்தது. ஆகையால் சமவெளிக்கு முன்னரே வந்த பள்ளி, பாதை, இலாகா உத்தியோகஸ்தர் எல்லாம் இங்கே ஒரு தலைமுறை பிந்தியே வந்தன. விழுப்புரம் ஜில்லாவுக்கென ஏற்பட்ட வேளாண் அறிவியல் நிலையம் திண்டிவனத்தில் அமைந்தது. அது கள்ளக்குறிச்சியிலிருந்து சாலை வழியே நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். மலைமேலுள்ளவர் காலையில் புறப்பட்டு ஒரு வகுப்பைக் கேட்டு அன்றே வீடு திரும்புவது அரிது.

நிலம் போதிய வருமானம் கொடாதபொழுது, வாலிபர்கள் கேரளம், கர்நாடகம் முதலிய இடங்களுக்குக் கூலிக்குப் போகின்றனர். வீட்டில் முதியோரும் குழந்தைகளும் தங்குகின்றனர். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதம் விஷச்சாராயத்தினால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்ட துயரத்திற்குப் பின்னர், கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை வசதிகளைப் பற்றிய விசாரணையைச் சென்னை உயர்நீதி மன்றம் தானாகவே எடுத்துக்கொண்டது. சொந்த நிலத்திலேயே மானமாகப் பிழைக்க வழி உண்டா என்பதே இம்மலையில் விவசாயக் கல்வி பதில் சொல்லவேண்டிய கேள்வி.

மாவுப்பூச்சி கற்பித்த பாடம்

குச்சிக் கிழங்கு என்று வழங்கும் மரவள்ளியே இம்மலையில் பணம் தரும் பயிர். கிழங்கு சேலம், ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குச் சென்று ஜவ்வரிசியாகவும் மாவாகவும் ஆகிறது. இப்பயிரை 2020-ல் ஒரு புதிய பகை தாக்கிற்று. தென்னமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி அவ்வருஷம் கேரளத்தில் முதன்முதலாகக் காணப்பட்டு, விரைவில் சேலம், நாமக்கல் பக்கங்களுக்கும் பரவியது. குருத்துக்கள் சுருண்டு, இலைகள் கொத்தாகக் குறுகி, செடி வளர்ச்சி நின்றுபோயிற்று. மருந்து தெளித்தும் பலருக்குப் பயன் கிட்டவில்லை.

இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவில் புகுந்து பஞ்சம் உண்டாக்கும் நிலைக்குக் கொண்டுவந்தது. அக்காலத்தில் ஹான்ஸ் ஹெரன் என்னும் நிபுணரும் அவர் கூட்டத்தாரும் பராகுவே நாட்டிலிருந்து எள்ளினும் சிறிய ஒரு குளவியைக் கொணர்ந்து, 1981 முதல் வயல்களில் விட்டனர். அனகிரஸ் லோபெசி என்னும் அக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். பொரிந்த புழு பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும். இப்பணிக்காக ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. அக்குளவியையே 2021-ல் பெங்களூரிலுள்ள தேசியப் பூச்சி வள ஆராய்ச்சி நிலையத்தார் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தனர். 2022 மார்ச்சு மாதம், ஆத்தூருக்கு அடுத்த ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது குடியானவர்களுக்காக வெளியிடப்பட்டது.

ஏத்தாப்பூர், கல்வராயன் மலையின் சேலம் பக்கத்து அடிவாரத்தை அடுத்தது. அவ்வளவு அண்மையில் மருந்து வந்தும், அதைக் காப்பது குடியானவரின் அறிவைப் பொறுத்தது. குளவி விடப்பட்ட வயலில் கண்டபடி பூச்சிமருந்து தெளித்தால் முதலில் மடிவது குளவியே. ஒருவர் காத்து மற்றவர் தெளித்தாலும் பலன் குன்றும். ஊர் முழுவதும் ஒருங்கே கற்றாலொழிய இவ்வித்தை நிலைக்காது. பட்டம் பெற்ற ஒருவரை விட, பாடம் கேட்ட ஐம்பது பேர் இங்கே அதிகம் பயன்படுவர் என்பதற்கு இது தக்க சான்று.

மலைக்கு ஏற்ற பாடங்கள்

மலைச் சரிவில் கற்பிக்கவேண்டியவை சமவெளிப் பாடங்களுக்கு வேறானவை. அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

மரவள்ளிக் கரணையைத் தேமல் நோயும் மாவுப்பூச்சியும் இல்லாத செடிகளின் நடுத்தண்டிலிருந்து, 15 சென்டிமீட்டர் நீளத்தில், 8 முதல் 10 கணுக்கள் இருக்கும்படி வெட்டவேண்டும். இவ்விரு தொல்லைகளும் கரணை மூலமாகவும் ஊர் விட்டு ஊர் செல்லுகின்றன.

பாரைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்தல் வேண்டும். கிழங்கு பிடுங்கும்பொழுது மண் கிளறப்படுவதால், இறக்கத்தோடு பார் பிடித்த நிலத்தில் மேல்மண் மழையோடு ஓடிவிடும். குறுக்கே வெட்டிவேர் வரிசை வைப்பது மண்ணைத் தடுக்கும். நட்ட முதல் இரண்டு மாதத்தில் இடையே உளுந்து முதலிய பயறு வகைகளை விதைத்தால் நிலமும் மூடும், வீட்டுக்குப் பருப்பும் கிடைக்கும்.

சாமையைக் கைவிதைப்பாக விதைப்பதற்கு ஏக்கருக்கு 5 கிலோ விதை வேண்டும். வரிசை விதைப்புக்கு 4 கிலோ போதும், களையெடுப்பும் எளிது. திருவண்ணாமலை ஜில்லா அத்தியந்தலிலுள்ள சிறுதானிய மையம் வெளியிட்ட ஏ.டி.எல். 1 என்னும் சாமையை மலை வயலில் உள்ளூர் ரகத்தோடு ஒப்பிட்டுச் சோதிக்கலாம். சாமையை உரலில் குத்துவது பெண்களுக்கு நாள் முழுதும் வேலை. கொல்லிமலையில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஊர்களில் சிறு அரைவை இயந்திரங்களை ஏற்படுத்தி இவ்வேலையைக் குறைத்ததை இங்கும் பின்பற்றத் தகும்.

குடியானவர்கள் செய்யவேண்டியது

தூரம் அதிகமென்று வாளாவிருத்தல் தகாது. ஒரு ஊரிலிருந்து இருபது பேர் சேர்ந்து, தங்களுக்கு வேண்டிய பாடத்தையும் வசதியான மாதத்தையும் குறித்து விண்ணப்பித்தால், நிபுணர்கள் ஊருக்கே வந்து வகுப்பு நடத்துவதற்கு வழியுண்டு. அவ்விருபதில் பாதிப்பேர் பெண்களாயிருத்தல் நலம். விதையைத் தெரிந்தெடுப்பதும் சேமிப்பதும் அவர்கள் கையில் இருக்கிறது. கற்றதை முதல் வருஷம் கால் ஏக்கரில் மட்டும் செய்து பார்த்து, எஞ்சிய நிலத்தில் பழைய முறையையே வைத்து, அறுவடையில் இரண்டையும் நிறுத்துப் பார்க்கவேண்டும். பலன் குறைந்தால் அதையும் நிபுணரிடம் தயங்காமல் சொல்லவேண்டும். அவர்கள் சமவெளியில் கற்றதை மலைக்குத் தக்கபடி திருத்திக்கொள்வதற்கு அதுவே உதவும்.

வெள்ளிமலையிலோ கருமந்துறையிலோ கூடும் சந்தை நாட்களில் இத்தகைய வகுப்புகளை நடத்தினால், மக்கள் தனியே ஒரு நாளைச் செலவிட நேராது. சைதாப்பேட்டையில் தொடங்கிய கல்வி கோயமுத்தூருக்கும், அங்கிருந்து புதுச்சேரிக்கும் திண்டிவனத்திற்கும் வந்துவிட்டது. எஞ்சியுள்ள மலைப்பாதையை அது ஏறிவருவதற்கு, இலாகாவின் முயற்சியோடு குடியானவர்களின் அழைப்பும் சேரவேண்டும். வரும் ஆடிப் பட்டத்துக்கு முன்பே ஊருக்கு ஒரு விண்ணப்பமாவது எழுதப்படுமாயின், அடுத்த வருஷத்துக் கரணை சுத்தமாயிருக்கும்.