இறந்தகால எதிர்மறையும் வினாவும்

கொடுக்கல் வாங்கல் வழக்கொன்று ஜமாஅத்தார் முன்னிலையில் நடைபெறுவதாகக் கொள்வோம். பெரியவர் ஒருவர், "வாங்கிய பணத்தை நீர் திருப்பிக் கொடுக்கவில்லையா?" என வினவுகிறார். எதிரே நிற்பவர் "இல்லை" என்கிறார். 'இல்லை, கொடுக்கவில்லை' என்பது பொருளா? 'இல்லை, கொடுத்துவிட்டேன்' என்பது பொருளா? இரண்டுக்கும் இடமுண்டு. நாணயம் பற்றிய வழக்கு ஒற்றைச் சொல்லில் தொங்குகிறது.

'கொடுத்தேன்' என்னும் உடன்பாட்டு வினையில் 'த்' என்னும் இடைநிலை இறந்தகாலத்தையும், 'ஏன்' என்னும் விகுதி தன்மை ஒருமையையும் காட்டுகின்றன. 'கொடுக்கவில்லை' என்பதிலோ இவ்விரண்டும் இல. 'கொடுக்க' என்னும் எச்சத்தோடு 'இல்லை' சேர்ந்து நிற்கிறது, அவ்வளவே. நான், நீ, அவர்கள் ஆகிய அனைவருக்கும் அது ஒன்றே. இறந்தகாலப் பொருள்கூட வழக்கால் வந்ததே ஆகும். "எனக்குப் புரியவில்லை" என மாணவர் கூறும்போது நிகழ்காலமன்றோ தோன்றுகிறது!

பண்டைத் தமிழ் இவ்வாறு இருக்கவில்லை. 'கொடுத்திலேன்' என்பதில் காலம், மறுப்பு, இடம் மூன்றும் வரிசையாக அமைந்துள்ளன. காலங் காட்டாத 'கொடேன்' போன்ற வடிவங்களும் இருந்தன. அவ்வகையில் 'வாரேன்' என்றால் வரமாட்டேன் என்று பொருள். இன்றோ பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மாணவர் "வாரேன் ஐயா" என்று விடைபெற்றால் மீண்டும் வருவார் என்றே நாம் மகிழ்கிறோம்!

தொலைவிலுள்ள அயர்லாந்தின் ஐரிஷ் மொழியை இங்கு ஒப்பு நோக்கலாம். 'விரிஷ் ஷே' என்றால் அவன் உடைத்தான். வினைக்கு முன் 'நீயர்' சேர்ந்தால் உடைக்கவில்லை. 'அர்' சேர்ந்தால் உடைத்தானா. 'நார்' சேர்ந்தால் உடைக்கவில்லையா. வினை தன் இறந்தகால வடிவை இழப்பதில்லை. அம்முன்சொற்களின் இறுதியிலுள்ள ரகரமும் பழைய இறந்தகாலக் குறியின் எச்சமே. அம்மொழியில் ஆம், இல்லை என்பவற்றுக்குத் தனிச்சொற்கள் கிடையா. 'உடைத்தானா?' எனின், 'உடைத்தான்' அல்லது 'உடைக்கவில்லை' என வினையாலேயே விடை கூறல் வேண்டும். "சாப்பிட்டாயா?" என்றால் "சாப்பிட்டேன்" என்னும் நம் வீட்டு வழக்கும் அதுதானே.

அரபியில் 'கதப' என்றால் எழுதினான். 'லம் யக்துப்' என்றால் எழுதவில்லை. 'லம்' வந்ததும் வினை இறந்தகால வடிவை விட்டுவிடுகிறது. காலத்தை 'லம்' சுமக்கிறது. நம் 'இல்லை'க்கு இது நெருங்கிய உறவு எனலாம். மதரஸாவில் ஓதிய பிள்ளைகள் 'அலம்தர' சூராவை அறிவர். அப்பெயரிலுள்ள 'அலம்' என்பது வினா எழுத்தாகிய 'அ'வும் 'லம்'மும் இணைந்ததே. 'தர'வையும் சேர்த்தால் 'நீர் பார்க்கவில்லையா' என்றாகும். எதிர்மறை வினாவை மறுத்து உடன்பாட்டை நிறுவ அரபியில் 'பலா' என்னும் தனிச்சொல் உண்டு. அவ்விடத்தில் 'நஅம்' என்றால், கேட்கப்பட்ட எதிர்மறையையே ஒப்புக்கொண்டதாகும் என்பர் அரபு இலக்கணிகள். தமிழில் 'பலா'வுக்கு நிகரான சொல் இல்லை. நமக்கு வாய்த்தது பழம் மட்டுமே.

வினா எழுத்து நிற்குமிடமும் கருதத்தக்கது. "நீ எடுத்தாயா?" என்பதில் எடுத்த செயலே ஐயத்துக்குரியது. "நீயா எடுத்தாய்?" என்பதில் பொருள் களவு போனது முடிந்த செய்தி, ஆளைப் பற்றியதே ஐயம். வகுப்பில் பேனா காணாமற் போன நாளில் ஆசிரியர் எவ்வினாவைக் கேட்கிறார் என்பதை மாணவர் நன்கறிவர். ஒன்றும் காணாமற் போகாதபோதே இரண்டாம் வினாவைக் கேட்டுவிட்டால், "நானில்லை" என்னும் விடைகூட ஏதோ போனதை ஒப்பியதுபோல் ஆகிவிடும்.

முதலில் கூறிய வழக்கிலும் பெரியவர் "கொடுத்தீரா?" எனக் கேட்டிருக்கலாம். "கொடுத்தேன்" என்றால் காலமும் ஆளும் அவ்வொரு சொல்லிலேயே வந்துவிடும். கொடாதவர் "நான் கொடுக்கவில்லை" என முழுத்தொடராகக் கூறல் வேண்டும். அந்த 'நான்' இல்லையேல், கொடாதவர் இவரா, இவர் அனுப்பிய தம்பியா என்று மறுபடியும் கேட்க நேரும்.