மனச்சிதைவும் சி4 மரபணுவும்

மனச்சிதைவு நோய் எனப்படும் ஸ்கிசோஃப்ரினியா, பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டுகிறது. உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இதில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆயினும் ஒரே கருமுட்டையிலிருந்து உருவான இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. பாதிப் பேராவது தப்பிவிடுகிறார்கள்.

நோயாளிகளின் மரபணுத் தொகுதியை அலசிய ஆய்வுகள் 2009இல் ஒரு வியப்பைத் தந்தன. நோயுடன் மிக வலுவான தொடர்பு, 6ஆம் குரோமோசோமில் நோயெதிர்ப்பு மரபணுக்கள் நெருக்கமாக அமைந்த பகுதியில் தென்பட்டது. காரணம் 2016இல் ஓரளவு துலங்கியது. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியையும் பிராட் நிறுவனத்தையும் சேர்ந்த ஸ்டீவன் மெக்கரோல் குழுவினர், சுமார் 65,000 பேரின் மரபணுத் தரவை ஆராய்ந்து, அப்பகுதியிலுள்ள சி4 மரபணுவைச் சுட்டிக்காட்டினர்.

சி4ஏ, சி4பி என இரு வகைகளாக உள்ள இம்மரபணுவின் படிகளின் எண்ணிக்கையும் நீளமும் ஆளுக்கு ஆள் மாறுபடும். மூளையில் சி4ஏ அதிகம் உற்பத்தியாகும் அமைப்பைப் பெற்றவர்களுக்கு நோய் வாய்ப்பும் கூடுதல். உடலில் சி4 மரபணு உருவாக்கும் புரதம் கிருமிகளின்மீது ஒட்டி, அவற்றை விழுங்கும் செல்களுக்கு அடையாளம் காட்டுகிறது. அழற்சியைத் தூண்டும் புரதத் தொடரிலும் பங்கேற்கிறது. வளரும் மூளையிலோ, நரம்பு செல்களுக்கு இடையிலான தேவையற்ற இணைப்புகளைக் களைவதற்கு உதவுகிறது. சி4 இல்லாத எலிகளில் இந்தக் களையெடுப்பு குறைந்தது. பதின்பருவத்தில் இது அளவு மீறுவதே நோய்க்கு வித்திடலாம் என்ற கருதுகோளை இர்வின் ஃபைன்பெர்க் 1982இலேயே முன்வைத்திருந்தார்.

அதே சி4 மரபணு இன்னொரு பக்கம் காவலாகவும் நிற்கிறது. மனச்சிதைவு வாய்ப்பைக் கூட்டும் அதன் வகைகள், லூபஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோயின் வாய்ப்பைக் குறைப்பதாக 2020இல் தெரியவந்தது. இரு விளைவுகளும் ஆண்களிடமே வலுவாக இருந்தன.

அழற்சி எல்லாமே நோயைக் கூட்டும் என்றும் கொள்ள முடியாது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி புரதத்தைப் பிறப்பிலேயே சற்று உயர்த்தும் மரபணு மாறுபாடுகள், மனச்சிதைவு வாய்ப்பைக் குறைப்பதாகவே சில ஆய்வுகள் காட்டுகின்றன. அழற்சியைத் தணிக்கவல்ல மினோசைக்ளின் மருந்தும், 2018இல் வெளியான பிரிட்டிஷ் சோதனையில் நோயாளிகளுக்குப் பலன் தரவில்லை.

சி4 கூட்டும் வாய்ப்பு சுமார் 1.3 மடங்குதான். 2022இல் வெளியான ஆய்வு, நோயுடன் தொடர்புள்ள 287 மரபணுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. எனவே ஒரு மரபணுவைச் சோதித்து யாருக்கு நோய் வரும் என்று சொல்லிவிட முடியாது. மனச்சிதைவை இன்றும் அறிகுறிகளைக் கொண்டே மருத்துவர்கள் கண்டறிகிறார்கள். சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.