எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு... பொன்னி அரிசிச் சோறு எப்போது?

மண்ணச்சநல்லூர் என்றாலே அரிசி ஆலைகளும் பொன்னி அரிசியும்தான் நினைவுக்கு வரும். சோறு இறங்கினால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும் என்று நினைக்கிற இந்த ஊரில், எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து ஒருவர் வீடு திரும்பினால் முதலில் எழும் கேள்வி, 'மறுபடி எப்போ பழையபடி சாப்பிடலாம்?' என்பதுதான்.

சோறு சாப்பிடலாம். ஆனால், 'பழையபடி' முடியாது.

என்ன மாறுகிறது?

நிதின் கட்கரி 2011-லும், அருண் ஜெட்லி 2014-லும் இவ்வகை சிகிச்சை செய்துகொண்டபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையில் 75 முதல் 80 சதவிகிதம் வரை அகற்றப்படும். மீதமிருப்பதில் சுமார் 100 முதல் 150 மில்லி, அதாவது ஒரு டம்ளருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும். 'பைபாஸ்' முறையில் உருவாக்கப்படும் பை இன்னும் சிறியது. ஏறத்தாழ 30 மில்லி. உள்ளே போடப்பட்ட தையல் ஆற வேண்டும் என்பதால்தான் உணவைப் படிப்படியாக மாற்றுகிறார்கள்.

படிப்படியாக...

முதல் இரண்டு வாரம்: திரவம் மட்டும். மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், சூப். ஒரேயடியாகக் குடிக்காமல் வாய் வாயாக.

3, 4-வது வாரம்: கூழ் பதம். மசித்த பருப்பு, கட்டியில்லாத கஞ்சி, தயிர்.

5 முதல் 8-வது வாரம்: மென்மையானவை. வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன், குழைய வெந்த காய்.

அதன் பிறகு: வழக்கமான உணவு, சிறிய அளவில். நாள் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் டாக்டர் சொல்வதே கணக்கு.

பக்கத்துச் சமயபுரத்தில் மாரியம்மனுக்கு 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் உண்டு. சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், இளநீர், பானகம்தான். 'அதே மாதிரிதானே இதுவும்?' என்று நினைத்துவிடக் கூடாது. அறுவை சிகிச்சை செய்தவருக்கு நீர்மோர் சரி. வெல்லம் கரைத்த பானகம் ஆகாது. குறிப்பாக, பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு வேகமாகக் குடலில் இறங்கி படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கை உண்டாக்கும். விரதம் இருக்க நினைத்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு இருக்கலாம்.

சோறு கடைசியில்தான்!

தட்டில் முதல் இடம் புரதத்துக்கு. நாளொன்றுக்கு 60 கிராமாவது தேவை. ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 6 கிராம். இருக்கிற சின்ன இடத்தைச் சோறு அடைத்துக்கொண்டால், பருப்புக்கும் முட்டைக்கும் இடமிருக்காது. பற்றாக்குறையால் தசை கரையும், முடி கொட்டும். அதனால் முதலில் பருப்பு, முட்டை, மீன் அல்லது பனீர், அடுத்து காய், கடைசியாக இரண்டு ஸ்பூன் குழைந்த சோறு. உதிரி உதிரியான சோறு ஆரம்பத்தில் சிலருக்கு நெஞ்சில் அடைத்த மாதிரி இருக்கும்.

மறக்கக் கூடாதவை

* நன்றாக மென்று, 20 முதல் 30 நிமிடம் எடுத்துச் சாப்பிட வேண்டும்.
* சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். அரை மணி நேரம் முன்போ பின்போ குடிக்கலாம்.
* சோடா, கலர், மது கூடாது.
* வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை எடை குறைந்த பிறகும் நிறுத்தக் கூடாது. ரத்தப் பரிசோதனையும் தொடர வேண்டும்.
* வலி மாத்திரைகளைக் கடையில் தானாக வாங்கி விழுங்கினால் புண் வரலாம்.

வாந்தி நிற்காமல் தொடர்ந்தால், 'சரியாகிடும்' என்று காத்திருப்பது ஆபத்து. வைட்டமின் பி1 குறைந்து, நடை தள்ளாடி, மூளை வரை பாதிக்கலாம். காய்ச்சல், கடும் வயிற்றுவலி, வேகமான நாடித்துடிப்பு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டாருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. விருந்திலும் பந்தியிலும் 'இன்னும் ஒரு வாய்' என்று வற்புறுத்துவது நம் பாசம். ஆனால், அந்த ஒரு வாய்தான் இவர்களுக்கு வாந்தியாக வெளியே வரும். 'போதும்' என்று இலையை மடித்தால், அது கோபமல்ல. உடம்பு சொல்கிற கணக்கு.